ரொட்டியை உப்பவைத்த தூள்

பிரேசிலின் செர்டாவுசினோவில் கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு ஜூரேமாவைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். அவளுக்கு வெயில் இல்லை, எரித்த கரும்பு வயலின் கரி இல்லை. ஆலையில் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு தூளை மூட்டை பிடிக்கும் வேலை. கரும்புச் சக்கையில் பூசணத்தை வளர்த்து, அது சுரக்கும் நொதியை வடித்து, உலர்த்திப் பொடியாக்கி ரொட்டிக்கடைகளுக்கு அனுப்புவார்கள். மாவிலிருக்கும் நார்ப்பிசினை அந்தப் பொடி அறுத்துவிடும். மாவு இளகும், ரொட்டி பந்தாக உப்பும்.

அவள் கணவன் அடெமாரும் ரொட்டி சுடுகிறவன்தான்.

"என் தூள் இல்லேன்னா உன் ரொட்டி செங்கல்லுதான்" என்பாள்.

"என் கை படலேன்னா உன் தூள் வெறும் பூசணம்டி" என்பான் அவன்.

முதலில் தும்மல் வந்தது. பிறகு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இறுக்கம். விடுமுறையில் சரியாகும், வேலைக்குப் போனால் திரும்பிவிடும். மருத்துவர் அந்தத் தூளைக் கரைத்து அவள் கையில் ஒரு சொட்டு விட்டு ஊசியால் குத்தினார். கொசு கடித்ததுபோல் தடித்தது.

"இது உங்க உடம்புக்கு ஆகாதும்மா. துளி பட்டாக்கூட வேண்டாம்."

வேலையை விட்டாள். இறுக்கம் விடவில்லை. மாலையில் அடெமார் மாவு படிந்த உடம்போடு வந்து அணைத்துக்கொள்கிற நேரத்தில்தான் மூச்சு முட்டுகிறது என்பது தெரிய இருவருக்கும் நாளாயிற்று. தெரிந்தபின் அவன் கடையிலேயே குளித்து, உடை மாற்றி வந்தான். அடுத்த அறையில் படுத்தான். ஒரு ஞாயிறு அவள் உதடு நீலம் பாரித்துவிட, அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான்.

கடை முதலாளி வால்தீரிடம் கேட்டுப் பார்த்தான்.

"அந்தத் தூளை நிறுத்த முடியாதா?"

"நான் நிறுத்தி என்னப்பா ஆகப்போகுது? மில்லுலேர்ந்து வர்ற மாவுலேயே கலந்துதானே வருது."

அடெமார் கடையை விட்டான். பேருந்து கழுவும் வேலைக்குப் போனான். இப்போது அவனைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன் சாப்பாட்டின்போதுகூடப் பேசவில்லை. ஒரு நாள் சந்தைக்குப் போனவள், கடைக்கு எதிர்ச்சாரியில் அவனைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கும் நேரம். கைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் அதே இடத்தில் நின்று வால்தீரை வெளியே அழைத்தாள்.

"அவரைத் திரும்பச் சேத்துக்கங்க."

"அப்போ நீ?"

"அரராகுவாராவுல எங்கக்கா இருக்கா."

விஷயம் தெரிந்ததும் அடெமார் கத்தினான். "என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணுவே?"

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே. எனக்காக நீ இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்கறத நான் உக்காந்து பாக்கணுமா?"

அவன் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை வந்தான்.

ஞாயிறுதோறும் அரராகுவாராவுக்கு வந்தான். வந்ததும் குளித்து, அவள் துவைத்து வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொள்வான். பிறகு மாதம் இருமுறையானது. பிறகு ஒருமுறை. கடைசியாக வந்தபோது, பீன்ஸும் சோறும் சாப்பிட்டுவிட்டு முற்றத்து நாற்காலியிலேயே தூங்கிப்போனான். காதோரம் நரைத்திருந்தது. ஜூரேமா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் தலை சாய்த்தாள். மூச்சு தடையில்லாமல் வந்தது. பேருந்துக்கு நேரமாகும்வரை அவனை எழுப்பவில்லை.