மூன்றாவது கம்பி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்று கேட்டால் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. கம்பிக்காரர் வீடு என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். மொட்டைமாடிக் குழாயிலிருந்து பக்கத்துக் காலிமனை மரம்வரை ஒரு செப்புக் கம்பி. வீட்டிலிருந்தே வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அந்த ஏரியல்தான் உயிர். துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரச் சொல்லி வருஷக்கணக்காகிறது, இந்த மனுஷருக்கு ரேடியோ என்றால்தான் கை எழும்பும் என்று அவர் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ரேடியோவில் அவர் பேசுவது முக்கால்வாசி ஒரே ஆளிடம்தான். கூடப்பிறந்த அண்ணன், ஒருநாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறார். அப்பாவின் வீட்டை அண்ணன் தம்பியைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்று மூண்ட சண்டை. அதற்குப் பிறகு போக்குவரத்து கிடையாது, போன் கிடையாது, கல்யாணம் காட்சிக்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் அலைவரிசையில் ஆஜர். உன் சிக்னல் இவ்வளவு, என் சிக்னல் அவ்வளவு, இங்கே வெயில், அங்கே மேகம். உலகமே ஒட்டுக்கேட்கும் இடத்தில் வீட்டுச் சண்டையை யார் எடுப்பார்கள்? நல்ல வசதி! இரண்டு வீம்பு பிடித்த கழுதைகளுக்கு இடையே மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான். அதுவும் அறுந்தால் தனக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை என்பது தம்பிக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் குரல்தான் தேயத் தொடங்கியது. இந்த வகை ரேடியோவில் குரல் ஓங்கினால் மீட்டரில் முள் ஏறும், தணிந்தால் இறங்கும். வாரத்துக்கு வாரம் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அண்ணன் வீட்டுக் கம்பியில் எங்கோ துரு ஏறியிருக்கிறது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ, ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் என்றாள் மனைவி. சிக்னலைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தார்.

அடுத்தாற்போல, முதல் கம்பிக்குக் குறுக்கே இரண்டாவதாக ஒன்றை இழுத்துக் கட்டினார். மேசையில் ஒரு திருகு, இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு கம்பி, அந்தப் பக்கம் திருப்பினால் மற்றது. எதில் நன்றாகக் கேட்கிறது என்று பார்க்க எதிராளியை எண்ணச் சொல்வது ரேடியோக்காரர்கள் வழக்கம். இவரும் சொன்னார். அண்ணன் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஆறுக்குப் பிறகு ஏழு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. இன்னொரு தரம் எண்ணுங்கள் என்றார். இன்னொரு தரம். தினமும் இதே கூத்து. கடைசியில் எரிச்சல் தாங்காமல், "உங்க பக்கம்தான் கோளாறு. மாடி ஏறி கம்பி ஜாயின்ட்டப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தியே விட்டார். சரி பார்க்கிறேன் என்றது தேய்ந்த குரல்.

அடுத்த வாரம் மூன்றாவது கம்பி. இது கேட்பதற்கு மட்டும். சுற்றுச்சுவரை ஒட்டி மார்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டினார். தாழ்வான கம்பி அக்கம்பக்கத்து மின்சார இரைச்சலை அதிகம் வாங்காது. சாயங்காலம் திருகை அதற்குத் திருப்பியதும் அடைமழை விட்டாற்போல் இரைச்சல் அடங்கியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனை எண்ணச் சொன்னார்.

ஒன்று. இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மூச்சை இழுக்கும் சத்தம். ஆறு. அதற்கப்புறம் இத்தனை நாளும் இரைச்சல் மூடியிருந்த இடத்தில், ஒரு மனிதன் காற்றுக்குத் தவிக்கும் சத்தம் பட்டவர்த்தனமாகக் கேட்டது. சிக்னலில் ஒரு குறையும் இல்லை.

"அண்ணா, உடம்புக்கு என்ன?" என்றார்.

பதில் சொன்னது அண்ணி. ரேடியோ பக்கமே வராதவள்.

"நுரையீரல் போயிடுச்சு தம்பி. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டார். நீங்க சொன்னீங்கன்னு போன வாரம் மாடி ஏறினார். இறங்க முடியல, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்குப் படுத்தவர்தான், ரேடியோவ மட்டும் கட்டில்கிட்ட வைக்கச் சொன்னார்."

இப்போதே கிளம்பி வருகிறேன் என்று உளறினார்.

"நீங்க வர்ற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். மைக்கயும் ஸ்பீக்கரயும் அவர் பக்கத்துல வெச்சிருக்கேன். இனிமே அவரால பேச முடியாது. காது கேக்குது. ஏதாவது பேசுங்க."

மைக் பொத்தானை அழுத்தினார். பாவி மனுஷன், என்ன பேசுவார்? சிக்னலும் வெயிலும் தவிர வேறு பேசிப் பழகாத வாய். வீட்டை விற்றது விற்றதாகவே இருக்கட்டும் என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரு போர்வைக்கு அடித்துக்கொண்டதைச் சொன்னார். பக்கத்தில் மனைவி வந்து நின்று தோளைத் தொட்டதும் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தியிருக்கும்வரை அந்தப் பக்கத்து மூச்சுச் சத்தம் இந்தப் பக்கம் வராது. விட்டால்தான் கேட்கும். சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விரலை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.