முதல் பிரதிவாதி

என் அம்மாவின் மேல் நான் வழக்குப் போட்டேன். இதை இப்படித்தான் சொல்ல வேண்டும். அண்ணன் மேல் போட்ட வழக்கு, அதில் அம்மாவும் ஒரு தரப்பு, அவ்வளவுதான் என்று பல பேரிடம் பல விதமாகப் பூசி மெழுகிப் பார்த்துவிட்டேன். வழக்குக் காகிதத்தில் இருப்பது அதுவல்ல. வாதி நான். முதல் பிரதிவாதி அம்மா. அண்ணன் இரண்டாவதுதான்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளி, ஓய்வு பெறும் சமயத்தில் மெட்டுகுடாவில் ஒரு சந்துக்குள் சின்னதாக வீடு கட்டினார். உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். எழுதுங்கள் என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. உயிரோடு இருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டதால் அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் சொன்னது.

அண்ணனுக்கு கச்சிபௌலியில் வேலை, அங்கேயே பதினான்காவது மாடியில் வீடு. மெட்டுகுடா வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றான். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். வயதானவளைத் தனியே விட அவனுக்குப் பயம். ஆனால் அம்மா என்னிடம் போனில் வேறு சொன்னாள்.

"எனக்கு இந்த வூட்ட வுட்டுப் போவ இஷ்டமில்லம்மா. அவங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் கிளம்பினேன். அண்ணனிடம் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே இருவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு வேலை பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில், ஸ்டோர்ஸ் பிரிவில். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கும் இடம். எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நிற்கும் என்ற புத்தி எனக்கு ஊறிப்போயிருந்தது.

அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டருக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலைப் பார்த்தேன். பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள், கூடவே விற்கக் கூடாதென்று தடை கேட்கலாம், பங்குள்ள எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றார். அம்மாவை வாதியாக உங்கள் பக்கம் சேர்க்கவா, பிரதிவாதியாக வைக்கவா என்றும் கேட்டார். வாதி என்றால் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி. பிரதிவாதியாகவே இருக்கட்டும் என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டு வேண்டாம் என்பாள், தடை கிடைத்த பிறகு சந்தோஷமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். என்ன அறிவு பாருங்கள்.

எனக்கு முன்னால் சம்மன் போய்ச் சேர்ந்தது. கோர்ட் சிப்பந்தி வந்தபோது சந்தில் நாலு பேர் நின்றிருக்கிறார்கள். ஆங்கிலக் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து ஒன்றும் விளங்காமல் அம்மா அவரையே கேட்டிருக்கிறாள். உங்கள் மகள் உங்கள் மேல் கேஸ் போட்டிருக்கிறாள் என்று அவர் தெலுங்கில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அம்மா புடவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே காரில் காத்திருந்தான். எல்லாம் உனக்காகத்தான் என்று ஆரம்பித்து, பங்கு, தடை, சட்டப்படி சேர்த்தே தீர வேண்டிய பெயர் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"அவன் பேரு ரெண்டாவதாமே. எம் பேரத்தான் மொதல்ல போட்டுக்கிறியாம். அவனவுட நான் இன்னாம்மா பெரிய தப்பு பண்ணிட்டேன்?"

வரிசையில் ஒன்றுமில்லை, மூத்தவள் என்பதால் முதலில் எழுதினார்கள் என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகப் பட்டது. பையை வாங்கக் கை நீட்டினேன். "நக்கோ" என்றாள். தெருவில் வரும் வியாபாரிகளைத் திருப்பி அனுப்ப மட்டுமே அவள் வைத்திருந்த சொல் அது. கதவைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்தாள்.

கோபம் ஆறினால் திரும்பிவிடுவாள் என்று இருந்தேன். அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை சொத்து இப்போதுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும், யாரும் விற்கவோ மாற்றவோ கூடாது. வக்கீல் கை குலுக்கினார். நானும் பெருமையாகக் குலுக்கினேன். இனி அம்மாவை அந்த வீட்டைவிட்டு யாரும் கிளப்ப முடியாது என்று நினைத்தேன். அவள் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

அம்மா திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. கச்சிபௌலிக்கு இரண்டு முறை போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி இண்டர்காமில் பேசிவிட்டு, அம்மா தூங்குகிறார்களாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு அவள் தரப்பு பதிலுரை வந்தது. முதல் பிரதிவாதியை நோயில் பார்த்துக்கொண்டதாக வாதி சொல்வது பொய், அது மறுக்கப்படுகிறது என்று ஒரு வரி. கீழே தமிழில் அம்மாவின் கோணல் கையெழுத்து. எதிர்த்தரப்பு எல்லாவற்றையும் மறுப்பது வழக்கம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார் என் வக்கீல். அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் வடித்துக் கொடுத்த கஞ்சியைக்கூட அந்தக் காகிதம் மறுத்துவிட்டது. நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஒன்றரை வருடத்தில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. பதினான்காவது மாடியிலிருந்து லிஃப்டில் இறக்கினார்கள். தூர நின்று பார்த்தேன்.

வழக்கு சாகவில்லை. முதல் பிரதிவாதி காலமானார், அவருடைய வாரிசுகள் வாதியும் இரண்டாம் பிரதிவாதியும் மட்டுமே என்று ஒரு மனு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றில் ஒன்று என்றிருந்த என் பங்கு பாதியாகிவிட்டது. வக்கீல் அதை நல்ல செய்தி சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த மனு எடுக்கப்பட்ட அன்று கோர்ட் வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கடைசி மாதங்களில் அம்மா மெட்டுகுடா வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தினமும் சொன்னதாகச் சொன்னான். அப்படியானால் கூட்டிப்போக வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தேன். தன் வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார் என்றான். பூட்டைத் தொட்டால்கூட உத்தரவை மீறியதாக உன் தங்கை மனுப் போடுவாள் என்றாராம்.

"இருந்தாலும் நான் கூட்டினு போறேன்னுதான் சொன்னேன். அம்மாதான் வேணாம்னாங்க. பூட்டத் தொறந்தா நீ இன்னொரு கேஸ் போட்டு என்னை உள்ள தள்ளிடுவேன்னு பயந்தாங்க."

அந்த உத்தரவில் அம்மா வீட்டுக்குள் போகக் கூடாது என்று ஓர் எழுத்துகூட இல்லை. பூட்டைத் திறந்து போய், விளக்கேற்றி, உலை வைத்து, சாகும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். அதற்காகத்தான் அந்த உத்தரவையே கேட்டு வாங்கினேன். என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் வாதியிடம் போய் யார் கேட்பார்கள்? என் அம்மா என்னைக் கண்டு பயந்துகொண்டே செத்துப்போனாள்.