தயிர் உறையாத ஊர்

மூன்று குளிர்காலம் மணாலிக்குப் போயிருக்கிறேன். பனியை ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

எங்களில் யாரிடமும் கேமரா வைத்த செல்போன் இல்லாத வருஷங்கள் அவை. தாம்பரத்தில் வடநாட்டு டூர் நடத்தும் ஒருவரிடம் சமையல்காரனாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பிறகு பல்லாவரத்தில் தோல் ஷெட், லாரி கிளீனர், கல்யாண சமையல் என்று எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இந்த வேலை ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருந்ததால் பிடித்தது. நாற்பது பேரை ரயிலில் டெல்லிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ். அரிசி, புளி, சாம்பார் பொடி, அடுப்பு எல்லாம் கூடவே வரும். எங்கள் பயணிகள் தாஜ்மகாலைப் பார்க்காமல்கூட இருந்துவிடுவார்கள், தயிர் சாதம் இல்லாமல் இருக்கமாட்டார்கள்.

மணாலியில் அந்தக் குளிரில் தயிர் உறையாது. நான் உறைய வைப்பேன். கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, காம்போடு இரண்டு மிளகாய் போட்டு, அண்டாவைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் என் கம்பளியையும் சுற்றி, அணைத்த அடுப்பருகே வைத்துவிட்டால் காலையில் கத்தியால் வெட்டலாம். அந்தக் கைப்பக்குவம்தான் என்னைக் கீழேயே நிறுத்தியது. பஸ் பனி பார்க்க மேலே போகும் நாளில் ஒருவன் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு போகவேண்டும். ஒருவன் லாட்ஜில் இருந்து அடுத்த வேளையைப் பார்க்கவேண்டும். முதல் இரண்டு வருஷமும் மேலே போனவன் எங்கள் பரிமாறுகிற ஆள். கோவளம் பக்கம் மீன்பிடிக் குடும்பம். என் வயதுதான். பயணிகளை அக்கா, அம்மா என்று ஒட்டிக்கொள்வான்.

எனக்குக் கிடைத்ததும் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போது கடுகு வயல்களின் மஞ்சள் மேல் பனிமூட்டம் படுத்திருக்கும். நடந்து போகிறவர்களின் தலை மட்டும் மிதந்து போகும். லாட்ஜின் பின்பக்கம், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு முழ அகலத்துக்கு மலை தெரியும். விடியும்போது அதன் உச்சி ரோஸ்மில்க் நிறத்தில் இருந்து, நான் காலிஃபிளவர் அலசி முடிப்பதற்குள் வெள்ளையாகிவிடும். விரல்கள் மரத்துப்போயிருக்கும். ஆனால் அவன் மூக்கு சிவந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்த ஒரு முழ மலையும் எனக்கு வேண்டாததாகிவிடும். அந்த மூக்கைப் பார்த்தாலே வயிறு எரியும்.

மூன்றாம் வருஷம் டூர்க்காரரிடம் கேட்டேவிட்டேன்.

"சரிப்பா, தயிர் மட்டும் ஒழுங்கா இருந்தா நீ போய்ட்டு வா. அவன் இருக்கட்டும்" என்றார்.

அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அவனே உறை ஊற்றினான். காலையில் மூடியைத் திறந்தால் வெறும் பால்.

"இன்னாடா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல மச்சான். உறையுதான்னு ஒரு நாலு தபா தொறந்து பாத்தேன். நீ போவணுமேன்னு பயமா இருந்துச்சு."

"பாத்துகினே இருந்தா உறைஞ்சிடுமா? அது இன்னா டிவியா?"

டூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "நாப்பது பேரும் சேந்து என்னைப் பனியிலயே பொதைச்சிடுவாங்க. ராத்திரிக்காவது தயிர் வேணும். நீ இருப்பா."

எலுமிச்சை சாதப் பொட்டலங்களோடு அவன்தான் போனான். வேண்டுமென்றே கெடுத்திருந்தால் ஒரு அறை விட்டு ஆறியிருப்பேன். எனக்காகக் கவலைப்பட்டுக் கெடுத்தவனை என்ன செய்வது?

திரும்பி வந்து எல்லாம் சொன்னான். மிதித்தால் பனி கோலமாவு போல நறநறக்குமாம். வாயில் போட்டால் ஃப்ரீசரைச் சுரண்டித் தின்ற மாதிரியாம். சேலையூர் மாமி ஒருவர் வழுக்கி, இவன் இடுப்பைப் பிடித்து, இரண்டு பேரும் சறுக்கிக்கொண்டே போய் ஒரு குதிரைக்காரன் காலடியில் நின்றார்களாம். நான் காதில் விழாதவன் போல பீன்ஸ் நறுக்கினேன். ஆனால் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள், பீர்க்கன்கரணையில் என் அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இந்தத் தடவையாவது பனியை மிதிச்சியாடா?"

"மிதிச்சேன்."

வாய் நிற்கவில்லை. கோலமாவு, ஃப்ரீசர், சேலையூர் மாமி எல்லாம் வந்தது. குதிரைக்காரன் இந்தியில் திட்டியதாக நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தால், அக்காவுக்கென்று கருவாட்டுப் பொட்டலத்தோடு அவன் வாசலில் நிற்கிறான். எப்போது வந்தானோ, தெரியவில்லை.

"வாப்பா. மாமியோட இவன் சறுக்கினானாமே! நீயும் மேல போனியா?" என்றாள் அக்கா.

அவன் என்னைப் பார்த்தான். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான்.

"எனுக்கு எங்கக்கா அந்தக் குடுப்பினை? நான் கீய தயிர் உறைய வெச்சிகினு இருந்தேன்."

அக்கா உச்சுக் கொட்டினாள். "பாவம்டா நீ. அவ்ளோ தூரம் போயும் பாக்கலையா?" என்று அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்து, பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அந்தப் 'பாவம்' எனக்கு வரவேண்டியது.