களி தொடாத வாத்தியார்

“இந்த வாய் இனிமே களியத் தொடாது. தொட்டுச்சுன்னா இந்த மீசை மூஞ்சில இருக்காது!”

ஜமுனாமரத்தூர்ச் சந்தையில், புளி மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே நின்று வேடியப்பன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது 1972-ஆம் வருஷம். அன்று காலைதான் கணித ஆசிரியர் வேலைக்கான உத்தரவு கைக்கு வந்திருந்தது. உத்தரவு கையில் இருக்கும்போது ஒரு மனிதர் எதைச் சொன்னாலும் அது அரசாணை போலத்தான் ஒலிக்கும். ஜவ்வாது மலையில் அவர் பிறந்த ஊரின் முதல் பி.எஸ்சி. அவர்தான். முதல் பி.எட்.டும் அவர்தான். முதல் கைக்கடிகாரமும் அவருடையதுதான். அது ஓடியதா என்பது வேறு விஷயம்.

அந்த வரலாற்று நிகழ்வுக்குச் சாட்சியாக எதிரே நின்றவர் ரங்கன், வேடியப்பனின் மனைவி அம்சவல்லிக்கு அண்ணன்.

“இன்னா மச்சான், களி உனுக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு?”

“காலையில களி, ராத்திரி களி, பரீட்சைக்குப் போறப்பவும் களி. ஆஸ்டல்ல பசங்க என்னை இன்னான்னு கூப்ட்டாங்க தெரியுமா? களியப்பன்! இனிமே வாத்தியார் வூட்ல நெல்லுச் சோறுதான். மூணு வேளையும்.”

ரங்கன் மச்சானின் மீசையை அனுதாபத்தோடு பார்த்தார். காதை எட்டிப் பிடிக்கிற லட்சியத்தோடு வளர்ந்துகொண்டிருந்த மீசை அது.

“பத்திரமா பாத்துக்கோ. நல்லா இருக்குது, பாவம்.”

அன்றே வாத்தியார் வீட்டில் களி தடைசெய்யப்பட்டது. வேங்கை மரத்தில் செதுக்கிய களித் துடுப்பு கூரைச் சந்தில் செருகப்பட்டது. அம்சவல்லி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “அண்ணன் வூட்டு மாட்டப் பாத்துட்டு வர்றேன்” என்று மட்டும் அடிக்கடி கிளம்பிப் போனாள். ரங்கன் வீட்டு மாடு அவ்வளவு தூரம் பார்க்கப்படவேண்டிய மாடு அல்ல என்பதும், அதைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் எல்லாம் மனைவிக்கு இரவுச் சோறு இறங்குவதில்லை என்பதும் கணித வாத்தியாருக்கு மலையில் இருந்தவரை கணக்காகவில்லை.

ஏழெட்டு வருஷம் இப்படி நெல்லுச் சோற்றின் ஆட்சி நடந்தது. பிறகு ஒரு நாள், செங்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த அறிவியல் வாத்தியார் அருணகிரி, வடை மடித்து வந்த பேப்பரைப் பிரித்து நீவி வேடியப்பனிடம் நீட்டினார். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டுப் பள்ளிகளுக்குக் கணித ஆசிரியர்கள் தேவை, குடும்பத்தோடு வரலாம் என்று அதில் விளம்பரம் வந்திருந்தது.

“நீங்க போங்க சார். எங்க வூட்ல திருவண்ணாமலைக்கு மாத்தல்னாலே அழுவாங்க” என்றார் அருணகிரி.

சென்னையில் நேர்முகம் நடந்தது. அந்நாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர், பின்னால் பழி வரக்கூடாது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் மனிதர்.

“நீங்கள் போகும் பள்ளி காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரே ஒரு பஸ்தான்.”

“தினமும் வருமா சார்?” என்று கேட்டார் வேடியப்பன்.

“தினமும் வரும். மின்சாரம் மாலையில் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.”

“அதுவும் தினமும் வருமா சார்?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் சினிமாக் கொட்டகை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள். வேடியப்பனுக்கோ, இத்தனை வசதியுள்ள நகரத்தில் போய் எப்படிக் குடித்தனம் செய்வது என்ற கூச்சம். வேலை அவருக்கே கிடைத்தது.

மலை கிடுகிடுத்தது. சந்தை நாளில் அவரைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். ரங்கன் மட்டும் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினார்.

“அங்க இன்னா மச்சான் துன்னுவாங்க?”

“வெள்ளைக்காரன் ஆண்ட நாடு. ரொட்டி, சோறு, முட்டை.”

“களி?”

“களி இந்த மலையோட சரி. கடல் தாண்டியெல்லாம் அது வராது.”

மூட்டை கட்டும்போது ஒரு சிறு ராஜாங்கச் சிக்கல் ஏற்பட்டது. தகரப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே, கூரைச் சந்திலிருந்து இறங்கி வந்த துடுப்பு படுத்திருந்தது.

“அங்க போயி இன்னாத்தக் கிண்டப் போற?” என்றார் வாத்தியார்.

“எதுனா இருக்கும். பொம்பளைக்குக் கிண்டற வேல இல்லாத ஊரு எங்க இருக்குது?” அம்சவல்லி பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “மாமா, இது வர்லன்னா நானும் வர்ல.”

துடுப்பு வந்தது. பம்பாய் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை வெளியே எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, ஆயுதமா என்று கேட்டார். வேடியப்பன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கரும்பலகையில் கோடு போடும் கருவி என்றார்.

“இதில் அளவுகள் எதுவும் காணோமே?”

“அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு அளவு தேவைப்படாது சார்.”

அதிகாரி மரியாதையோடு அதைப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

சாம்பியாவின் வடக்கே, மரங்களும் புற்றுகளும் மண்டிய ஒரு சின்ன ஊர். தலைமையாசிரியர் முலெங்கா வாசலுக்கு வந்து வரவேற்றார். இடி மாதிரி சிரிக்கிற மனிதர். அன்று இரவே அவர் வீட்டில் விருந்து. அவர் மனைவி சாண்டா செம்பில் வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார். பிரயாணத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனையோ வேளை ஆகியிருந்த வேடியப்பன், வேளைக்கு ஒரு பிடியாக இழந்த சோற்றையெல்லாம் மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தார். சாண்டா மூடியைத் திறந்தார்.

ஆவி பறக்க, கருஞ்சிவப்பாக, உருண்டு திரண்டு, பளபளவென்று அது உட்கார்ந்திருந்தது.

வேடியப்பன் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. இருவருக்கும் பழைய பழக்கம்.

“எங்கள் மண்ணின் சாப்பாடு. உப்வாலி என்போம். கேழ்வரகு மாவில் கிளறியது. இந்த நாட்டில் எங்கே போனாலும் மூன்று வேளையும் மாவைக் கிளறித்தான் சாப்பிடுவோம்” என்று முலெங்கா பெருமையாகச் சொன்னார்.

மூன்று வேளையும் என்ற சொல் வாத்தியாரின் காதுக்குள் போய் நெடுநேரம் சுற்றியது. மீசை முனை தானாகத் துடித்தது. “மன்னிக்க வேண்டும். இன்று எனக்கு விரதம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

அதற்குள் அம்சவல்லி ஓர் உருண்டையைப் பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, நெத்திலிக் கருவாடு போலவே இருந்த ஒரு பொடி மீன் குழம்பில் தோய்த்து விழுங்கியாயிற்று. மகள் திரௌபதி இரண்டாவது உருண்டையில் இருந்தாள். சாண்டா கையைத் தட்டிக்கொண்டு ஏதோ கூவினார். முலெங்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

“இன்னா சொல்றாங்க?” என்றாள் அம்சவல்லி.

“இத சாப்புட எங்க கத்துக்கிட்டேன்னு கேக்கறாங்க.”

“எங்க அண்ணன் வூட்லன்னு சொல்லுங்க.” சொன்ன பிறகுதான் அம்சவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏழெட்டு வருஷ மாட்டுக் கணக்கு வாத்தியாருக்கு அந்த இடத்தில்தான் நேரானது.

விரதம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அதோடு விடுமா? கல்யாணத்துக்கு அழைத்தார்கள், விரதம். குழந்தைக்குப் பேர் வைத்தார்கள், விரதம். கால்பந்தில் ஜெயித்தார்கள், அன்றைக்கும் விரதம். வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சோறு தின்பார். கொஞ்ச நாளில், இந்தியாவிலிருந்து கணக்கு வாத்தியார் உருவத்தில் ஒரு மகான் வந்திருக்கிறார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஓர் அம்மாள் காய்ச்சல் கண்ட ஆட்டை இழுத்துவந்து, கை வைக்கச் சொன்னார். வைத்தார். ஆடு பிழைத்துத் தொலைத்தது. நிலைமை இன்னும் மோசமாயிற்று.

மகானாக இருந்ததில் எவ்வளவு தேறினாரோ, வாத்தியாராக நிச்சயம் தேறினார். கணக்கு என்றால் ஜன்னல் வழியாகக் குதித்த வகுப்பு, அவர் வந்த இரண்டாம் வருஷம் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தது. ஜன்னல் வழியாக உள்ளே குதிக்க ஆரம்பித்தார்கள், இடம் பிடிக்க. தெருவில் போனால் பெரிய பெரிய ஆட்கள் சைக்கிளைவிட்டு இறங்கி, “மிஸ்டர் வேடி!” என்றார்கள். திரௌபதி அந்த ஊர்ப் பாஷையிலேயே சண்டை போட்டாள். தமிழில் போட்டதைவிட நன்றாகவே போட்டாள். சாண்டாவும் அம்சவல்லியும் தங்கள் துடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அக்கா தங்கை மாதிரி இருப்பதாக ஒருவருக்கொருவர் புரியாத மொழிகளில் பேசிச் சிரித்தார்கள். வீட்டுக் கொல்லையில் கேழ்வரகு முளைத்தது. வாத்தியார் அதைப் புல் என்று நினைத்ததாகக் காட்டிக்கொண்டார்.

ஒப்பந்தம் முடியும் காலம் வந்தது. பள்ளிக் குழு சிபாரிசு செய்தால் வேலை நிரந்தரம். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கட்ட இடமும் உண்டு. இல்லையென்றால் மூட்டையோடு பழைய மலைக்கு. வேடியப்பன் சந்தேகமே படவில்லை. முலெங்காதான் ஒரு மாலையில் சிரிப்பில்லாத முகத்தோடு வந்தார்.

“குழுத் தலைவி முசோண்டா தயங்குகிறார்.”

முசோண்டா சந்தையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் அம்மாள். அவர் தயங்கினால் ஊரே தயங்கும்.

“என் பாடத்தில் குறையா?”

“குறையே இல்லை. ‘நல்ல வாத்தியார்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பிடி சாப்பிடாதவர் விருந்தாளி. விருந்தாளிக்கு எதற்கு வீட்டு மனை?’ என்கிறார்.”

அன்று இரவு திரௌபதி கேட்டாள்: “அப்பா, நாம போய்ட்டா இந்த ஸ்கூலு?” மலையில் அவள் மேலே படிக்க வேண்டுமென்றால் எந்த ஆஸ்டலுக்குப் போக வேண்டும், அங்கே அவளுக்கு என்ன பேர் வைப்பார்கள் என்பது களியப்பனுக்குத் தெரியாதா? அவருக்கும் இந்த ஊரை விட மனமில்லை. ஜன்னல் வழியாக உள்ளே குதிக்கும் வகுப்பு உலகத்தில் வேறு எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும்?

ஒரு யோசனை தோன்றியது. அவர்கள் வீட்டில் நாம் சாப்பிடாவிட்டால் என்ன, நம் வீட்டில் அவர்கள் சாப்பிடட்டும்! குழு முழுவதையும் நெல்லுச் சோற்று விருந்துக்கு அழைத்தார். அழைத்த பிறகுதான், அரிசி கொண்டுவரும் லாரி அந்த மாதம் வரவில்லை என்றும், எந்தக் கடையிலும் ஒரு மணி அரிசி கிடையாது என்றும் தெரிந்தது.

அம்சவல்லி வெறும் அரிசிப் பானையைச் சாய்த்துக் காட்டினாள். “மாமா, அரிசி இல்ல. கொல்லையில அறுத்த கேவுரு மாவு இருக்குது. கரும்பலகையில கோடு போடறதும் இருக்குது. சொல்லுங்க, இன்னா பண்ணட்டும்?”

வாத்தியார் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே உலை கொதித்தது. மாவு விழுந்தது. பிறகு பானை விளிம்பில் துடுப்பு மோதும் சத்தம் கேட்டது. பழைய சத்தம். அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

குழு வந்தது. களியும், பொடி மீன் போட்டு மலைப் புளி கரைத்த குழம்பும் பரிமாறப்பட்டன. முதல் உருண்டையிலேயே முசோண்டாவின் புருவம் ஏறியது. “இந்தக் குழம்பை எங்கள் ஊருக்குச் சொல்லித் தராமல் இத்தனை நாள் ஒளித்துவைத்தீர்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் வாத்தியாரின் காலித் தட்டுக்கு வந்தது.

“இன்றும் விரதமா, மிஸ்டர் வேடி?”

வேடியப்பன் திரௌபதியைப் பார்த்தார். அவள் உருண்டை பிடித்த கை பாதியில் நின்றிருந்தது.

“விரதம் முடிந்துவிட்டது அம்மா” என்றார்.

விரலை நனைத்தார். கிள்ளினார், உருட்டினார், கட்டைவிரலால் குழித்தார். கை எதையும் மறந்திருக்கவில்லை. தோய்த்து வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். அவர் யாரையும் பார்க்காமல் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அம்சவல்லி இன்னோர் உருண்டை வைத்தாள்.

முசோண்டா எழுந்து நின்று கைதட்டினார். மனை எந்தப் பக்கம் வேண்டும், கிழக்கா மேற்கா என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்தது. வேலை நிரந்தரம் என்பதை யாரும் தனியாகச் சொல்லக்கூட இல்லை.

மறுநாள் விடியலில் வேடியப்பன் கண்ணாடியோடும் சவரக் கத்தியோடும் கொல்லைக்குப் போனார். ரங்கன் கடலுக்கு அப்பால் இருந்தார். சந்தையில் சொன்ன சொல்லைக் கேட்டவர் ஒருவர்கூட இந்தக் கண்டத்தில் கிடையாது. அவர் திரும்பி வந்தபோது மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெளுப்பாக ஒரு திட்டு மட்டும் இருந்தது.

“அப்பா! மீசை எங்க?” என்றாள் திரௌபதி.

“இந்த ஊரு வெயிலுக்கு அரிக்குது, கண்ணு.”

அம்சவல்லி அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். சிரிப்பை முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள்.

“காலைக்கு இன்னா மாமா பண்ணட்டும்?”

வாத்தியார் துண்டால் முகத்தை மெல்லத் துடைத்தார்.

“ராத்திரி களி மிச்சம் இருக்கும்ல… மோர் ஊத்திக் கரைச்சிக் குடு.”