இடது காதின் பக்கம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு டமாரம் என்று பெயர். சிறுவயதுக் காய்ச்சலில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதிலும் பாதிதான் மிச்சம். எனக்கு வாயாடி என்று பெயர். செவிடும் வாயாடியும் நல்ல ஜோடி என்று எங்களை ஒரே மேஜையில் மடிப்பு வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

படுக்கை விரிப்பை ஒருத்தியால் ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் முகம் என் முகத்துக்கு நேரே வரும். நான் பேசுவதை என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.

ஒரு நாள் பாதி வழியில் நின்று இடது பக்கம் திரும்பினாள். அங்கே சுவர்தான்.

"யாரோ கூப்பிடுறாங்கடி. 'வா'ன்னு."

"இடது காதுலயா? செவிடன் காதுல ஊதின சங்குன்னு கேட்டிருக்கேன். செவிட்டுக் காதே சங்கு ஊதி இப்பத்தான் பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. பிறகு அது அடிக்கடி நடந்தது. ஒருமுறை கிழவர் குரல், ஒருமுறை குழந்தைக் குரல் என்றாள். அவள் கை நடுங்குவது விரிப்பின் வழியாக என் கைக்குத் தெரிந்தது.

அவள் அம்மாவும் குரல் கேட்டவள்தான். கடைசியில் பூட்டிய அறையில் செத்தாள். "கடவுள்னா ஒரே குரல்லதானே கூப்பிடணும்? இது அம்மாவோட வியாதிடி," என்று அழுதாள். "ஆண்டவரே, நான் செவிடு, பயந்தாங்கொள்ளி. காது கேக்குற யாரையாவது கூப்பிடுங்க." தினமும் இதுதான் அவள் வேண்டுதல். எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளூர பயமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம், இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்த நேரம், விரிப்பைக் கீழே போட்டாள்.

"பைத்தியம்னாலும் சரி, போய்ப் பாத்துடுறேன். நீயும் வாடி."

மேல்மாடியில் எங்களுக்கு வேலையே கிடையாது. ஆனாலும் எந்தத் திருப்பத்திலும் அவள் தயங்கவில்லை. கடைசி அறையில் ஒருவர் தனியாகப் படுத்திருந்தார். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்றாள் நர்ஸ்.

அவர் உதடு அசைந்தது. எனக்கு வெறும் காற்றுதான் கேட்டது. டமாரம் உதட்டைப் படித்துச் சொன்னாள்: "எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன்னு சொல்றார்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு போடும் நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு குரல் கேட்டபோதெல்லாம் சாகக் கிடக்கும் யாராவது ஒருவரிடம் போனாள். பயம் மட்டும் போகவில்லை. "பயம் போனப்புறம் போகலாம்னா, அதுவரைக்கும் அவங்க உயிரோட இருக்கணுமேடி," என்பாள்.

சென்ற மாதம் அவளுக்கு வாதம் வந்தது. வாய் கோணி, பேச்சு நின்றுவிட்டது. அதே மேல்மாடியில்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை பார்த்தேன். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று ஒரு முனையை மேஜைமேல் வைத்து, தனியாக மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.

"வாயாடி, வாடி."

திரும்பினேன். சுவர்தான். மேஜைமேல் கிடந்த மறுமுனை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குவது என் கை என்று பிறகுதான் தெரிந்தது.

"ஆண்டவரே, எனக்குப் பக்தியும் இல்ல, பொறுமையும் இல்ல. என்னையா?"

"வாடி," என்றது மறுபடியும்.

விரிப்பைப் போட்டுவிட்டுப் படியேறினேன்.