ஷிப்டு வேனில் ஏறிய ஏஞ்சல்காரர்

சின்னவனே, நீயும் ஒரு ஆப் ஆரம்பிக்கப் போறேன்னு போன வாரம் சாப்பிடும்போது சொன்னாய். பணம் போடுகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று அக்காவிடம் கேட்டால், "அதை விடுறா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள். பெரியவளே, கோபப்படாதே. உனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். பத்தாவது படித்த எனக்கு டிரைவர் சீட்டிலிருந்து தெரிந்த அளவுக்குத்தான் தெரியும்.

திருப்புட்குழியில் கிளம்பி, முசரவாக்கம், பெரிய காஞ்சிபுரம் என்று ஷிப்டு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி, ஒரகடம் பக்கம் கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவது என் வேலை. விடிவதற்கு முன்னால் ரோட்டோரம் வந்து நிற்பார்கள். வேன் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. வேன் எங்கே வருகிறது என்று போனிலேயே காட்டுகிற ஆப்பை, பெரியவளே, நீயும் உன்னோடு படித்த பெண்ணும் செய்தீர்கள். சென்னையில் கிடைத்த வேலைக்குச் சேருகிற தேதியை இதற்காகத் தள்ளிப்போட்டாய். பணம் போட ஆள் கிடைத்தால் ஆப், இல்லாவிட்டால் வேலை. வீட்டில் அதுதான் பேச்சு.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் பணம் போடுகிறவரை ஏஞ்சல் இன்வெஸ்டர் என்பார்களாம். எனக்குத் தெரிந்த ஏஞ்சல், கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கிற சம்மனசுதான். அப்படி ஒருவர் சென்னையிலிருந்து வருகிறார் என்றதும் உங்கள் அம்மா கேசரி கிண்டினாள். "அக்காவைப் பொண்ணு பாக்க வராங்களாம்மா?" என்று கேட்டு, சின்னவனே, நீ முதுகில் ஒன்று வாங்கினாய். அம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள்: "எது கேட்டாலும் நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லு. கொற எதையும் வாய் விடாத."

அவர் வீட்டுக்கே வரவில்லை. விடியக்காலையில் திருப்புட்குழி ஸ்டாப்பில், கசங்கின சட்டையோடு பெண்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நானும் வேன்ல வரேன் சார்" என்றார். வேன் டிரைவரை யார் சார் என்று கூப்பிடுவார்கள்? எனக்குக் கியர் சரியாக விழவில்லை. கேசரி டப்பா பின் சீட்டு வரைக்கும் போய்க் காலியாகி வந்தது.

பெரியவளே, நீ வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாய். "அது அப்புறம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆப் நாளைக்கு நின்னு போச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"நின்னா நிக்கட்டும் சார்" என்றாள் முன் சீட்டுக்காரி. "டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டா சொல்லிடப் போறாரு."

"ஆப்பப் பாத்தா நெட்டு காலியாவுது. அண்ணனக் கேட்டா அண்ணன் காலியாவப் போறாரா?" என்றாள் இன்னொருத்தி.

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர்கள் போனை எடுத்து "வந்துக்கினே இருக்கேம்மா" என்று சொல்லிப் பழகிவிட்டேன். நான் எடுக்கிறவரைக்கும் உன் ஆப் யாருக்கும் வேண்டாம்.

இறங்கும்போது அவர் சொன்னார்: "எத்தனை பேர் போன்ல போட்டாங்கன்னு எனக்கு வேணாம்மா. போட்டவங்க மறுபடி மறுபடி பாக்கறாங்களா? பாக்காம விட்டவங்க ஏன் விட்டாங்க? யார் இதுக்குக் காசு குடுப்பாங்க? ஒரு மாசம் கழிச்சு வரேன்."

அன்று சாயங்காலம் நீ கேட்டாய்: "அப்பா, இந்த ஒரு மாசம் போன் எடுக்காதப்பா."

"திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். திட்டிட்டு ஆப்பைப் பாப்பாங்க."

எடுக்கவில்லை. போன் டாஷ்போர்டில் கிடந்து நடுங்கிக்கொண்டே இருக்கும். வண்டி ஓட்டுவதைவிட அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது பெரிய வேலை. "என்னண்ணே, பொண்ணு கலெக்டர் ஆயிட்டாளா? போன் எடுக்க மாட்டேன்ற!" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள். ஆனால் நீ சொன்னபடியே ஒவ்வொருத்தராக ஆப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற கோடு லேப்டாப்பில் மேலே ஏறுவதை எனக்குக் காட்டினாய். நீ நன்றாகச் சாப்பிட்ட நாட்கள் அவை.

அப்புறம் அந்த மழை நாள். ரோட்டில் மரம் விழுந்து வேன் தாமதம். முசரவாக்கம் ஸ்டாப்பில் ஏறுகிற ஒரு அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. மறுநாள் ஏறினவள் திட்டக்கூட இல்லை. "வண்டி போயிடுச்சின்னு நெனச்சு வீட்டுக்குத் திரும்பிட்டேண்ணே. நம்மளுது பட்டன் போன்தானே" என்றாள். முந்தின நாள் கூலி போனது. லீவு போடாமல் வந்தால் கொடுக்கிற பணமும் அந்த மாசம் அவளுக்கு இல்லை. கம்பெனி வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உன்னிடம் சொன்னேன். அடுத்த இரண்டு நாளில் ஒரு நம்பர் கொண்டுவந்தாய். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும்; எந்தப் போனாக இருந்தாலும் போதும். ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயரையும் நீயே பேசிப் பதிவு செய்தாய். சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு எங்களையும் வாய் திறக்கக்கூடாது என்றாய். அதற்குள் உன் கூட்டாளிப் பெண் வருவதை நிறுத்தியிருந்தாள். பெங்களூரில் வேலை, அவள் வீட்டில் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்?

மாசம் முடிந்ததும் அந்த ஏஞ்சல்காரர் சொன்னபடி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். மழை நாள் கதையைச் சொல்லாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். நீ அதைத்தான் முதலில் சொன்னாய்.

"ஆப்பைப் பாக்க முடியாம வண்டியை விட்டவங்க ஒருத்தங்க இருக்காங்க சார். ஏன்னா, எங்கப்பாவைப் போன் எடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவர் அந்த நம்பருக்குத் தானே மிஸ்டு கால் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதை நீ மறைக்கலை பாரு, இதுதாம்மா எனக்கு வேணும்" என்றார். நான் இன்னும் ஒரு டீ சொன்னேன்.

"யார் காசு குடுப்பாங்க?"

"வேன்ல வர்றவங்களால முடியாது சார். வேன் ஓனரைக் கேட்டேன். வண்டி போவுது, வருது, நான் எதுக்குக் குடுக்கணும்னுட்டாரு."

"கூட இருந்த பொண்ணு?"

"பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா சார்."

"தனியா இழுக்கற பாரம் இல்லம்மா இது" என்றார். "இப்போ நான் போடலை. ஆனா நீ வேற எது ஆரம்பிச்சாலும் எனக்குச் சொல்லு."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னவனே, நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: அந்த ஆள் ஆப்பைப் பார்த்தது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் குறையைச் சொல்லும்போது உன் அக்கா முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார், அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்க அவர் அவ்வளவு தூரம் வரவில்லை. நீ ஆரம்பிப்பதாக இருந்தால், கடைசி வரை கூட நிற்கிற ஒருவரை முதலில் தேடு. அப்பாவை அந்தக் கணக்கில் சேர்க்காதே. போனை எடுத்தது தப்பா, எடுக்காமல் விட்டது தப்பா என்று யோசித்து யோசித்து எனக்கே அலுத்துவிட்டது.

பெரியவளே, நீ வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். ஆப்பை நிறுத்தினாய், மிஸ்டு கால் நம்பர் மட்டும் கட்டின பணம் தீருகிறவரை ஓடும் என்றாய். உன்னைச் சென்னை பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் காலை, திருப்புட்குழியில் வேனை நிறுத்தி, யாரும் வருவதற்கு முன்னால் அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே திரும்ப அடித்தது. "வண்டி இப்போ திருப்புட்குழி ஸ்டாப்புல இருக்குது" என்று உன் குரல். பின்னால் நம் வீட்டுக் குக்கர் விசில். அது முடிகிறவரைக்கும் கேட்டுவிட்டு, இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தேன்.