மகாராஜா கீழே இறங்கினார்

அந்தப் பேருந்தில் முன்னால் ஸ்டியரிங் பிடிப்பவரும் பின்னால் விசில் ஊதுபவரும் புருஷன் பெண்டாட்டி என்பது தினமும் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே வண்டி, ஒரே ஷிப்ட், ஒரே சாப்பாட்டு டப்பா. ஆனாலும் வண்டி ஓடும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தலைக்கு மேல்தான் 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே! ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. பல வருஷம் அந்தக் குடும்பம் அப்படித்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

கண்டக்டரம்மா ஒரு இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. முன் படிக்கும் பின் படிக்கும் நடுவே டிக்கெட் கிழித்துக்கொண்டே நடப்பாள். எத்தனை நெரிசலிலும் ஒருத்தர் காலை மிதிக்காமல் புகுந்து வருவாள். மூட்டையோடு யாராவது ஏறத் தடுமாறினால் இறங்கி ஏற்றிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் "கால் ரெண்டும் கழண்டு விழுது" என்று புலம்புவாள். அந்தக் கால்கள்தான் தன்னைக் காப்பாற்றி வருகின்றன என்பது அவளுக்கே தெரியாது.

டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் மகாராஜா. பெயர் வரக் காரணம் அவள்தான். கடைசி நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் இறங்கி டீக்கடைக்கு நடப்பார்கள். மகாராஜா இறங்க மாட்டார். டீ ஸ்டியரிங்குக்கே வரும், தண்ணீர் பாட்டில் நிரம்பி வரும், மதியச் சாப்பாடும் அங்கேயே வரும். "நீங்க உக்காருங்க, நான் எதுக்கு இருக்கேன்?" என்பாள். "குடுத்து வச்சவர்ண்ணே நீங்க" என்று மற்ற டிரைவர்கள் வயிறெரிவார்கள். அதைக் கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் காலை, வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது மகாராஜாவுக்கு நெஞ்சை அடைத்தது. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் மனிதர் சாய்ந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த ஹேண்ட் பிரேக்கைப் பற்றி அவள் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அடைப்பை எடுத்துப் பிழைக்க வைத்த டாக்டரம்மா, அவளையும் கையோடு பரிசோதித்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிடுறீங்க. உங்களுக்கு பிரஷரும் இல்ல, சர்க்கரையும் இல்ல. அவருக்கு ரெண்டும் இருக்கு. பகல்ல அவர் என்ன பண்ணுவார்?"

"உக்காந்து வண்டி ஓட்டுவார், டாக்டர்."

"இடையில டீ குடிக்க இறங்குவார்ல?"

"எங்க இறங்குறது? நான்தான் கொண்டுபோய்..."

ஆசை ஆசையாகச் செய்ததெல்லாம் இதற்குத்தானா என்று டாக்டரம்மாவையே பார்த்தாள்.

"உங்களால வந்ததுன்னு சொல்லல. வயசு, பரம்பரை, எவ்வளவோ இருக்கு. ஆனா உடம்பு அசைஞ்சாத்தான் சர்க்கரை செலவாகும், பிரஷர் கட்டுப்படும். அதுக்காக ஜிம்முக்குப் போக வேண்டாம். வீட்டு வேலையைப் பார்க்கட்டும், கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும். பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச மூச்சு வரலன்னா வேகத்தைக் குறைக்கணும். நெஞ்சு வலிச்சா அங்கயே நின்னுட்டு, உடனே இங்க வந்துடணும்."

மறுபடி வண்டி ஓட்ட வேண்டுமானால் டிரெட்மில்லில் நடந்து காட்டித் தேற வேண்டும். தேறாவிட்டால் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்க்கிற வேலை.

"அதுக்கு நான் அன்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

டாக்டரம்மா சரி என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் அரசாட்சி மாறியது. தண்ணீர் வேண்டுமா, எழுந்து போய்க் குடிக்க வேண்டும். துணி காய வேண்டுமா, மாடிக்கு ஏறிப் போட வேண்டும். வெளியூரிலிருந்து மகள் போனில் கத்தினாள்: "அம்மா, உடம்பு சரியில்லாத மனுஷன்கிட்ட வேலை வாங்குறியே!"

"வேலை வாங்கலடி. நான் பிடுங்கி வச்சிருந்ததைத் திருப்பிக் குடுக்கிறேன்."

முதல் நாள் தெருமுனை வரை நடந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசுங்க. டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல."

அவர் வெகுநேரம் யோசித்து, "மழை வரும்போல இருக்கு" என்றார். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

போகப் போக நடையும் நீண்டது, பேச்சும் நீண்டது. ஒரு நாள் பூங்காவைச் சுற்றும்போது சொன்னார்: "உள் கண்ணாடியில நான் பயணிகளைப் பார்க்கிறதா நினைச்சியா? பாதி நேரம் நீ எங்க நிக்கிறன்னுதான் பார்ப்பேன்."

"இதை இத்தனை வருஷமா சொல்லலையே!"

"நீதான் கேக்கவே இல்லையே."

அடுத்த சுற்றில் அவள் கேட்க ஆரம்பித்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு சில நாள் அவரும் கூட வருவார். வேறொருவர் ஓட்ட, இவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஜன்னலோரம் நைசாக உட்கார்ந்துவிட்டார்.

"டிக்கெட் வாங்கினவங்க நிக்கிறாங்க. ஸ்டாஃப் பாஸ்ல வந்தவர் எந்திரிங்க!"

வண்டியே சிரித்தது. மகாராஜா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

சோதனை நாளன்று அவளை அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். அவளால் உட்கார முடியவில்லை, கதவோரம் நின்றாள். உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது. கூடவே அவர் குரலும் ஓடியது. ஹேண்ட் பிரேக் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்திருந்தார். வேகத்தைக் கூட்டினார்கள், குரல் நிற்கவில்லை. மேடாக்கினார்கள், அப்போதும் நிற்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் பேசாம நடங்களேன்" என்று ஒரு பெண் கெஞ்சுவது கேட்டது.

"பேசச் சொன்னதே உங்க டாக்டர்தாம்மா!"

வெளியே நின்றவளுக்குப் பெருமையில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் புருஷன், என் புருஷன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி வண்டி எடுத்த முதல் நாள், கடைசி நிறுத்தத்தில் டைம் கீப்பரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். டிரைவர் சீட் காலி. வண்டியைச் சுற்றி ஓடினாள்.

எதிரே டீக்கடைப் பக்கமிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு கிளாஸ்.

"என்ன மகாராஜா, சிம்மாசனம் காலியா கெடக்கு?" என்றார் பக்கத்து வண்டி டிரைவர்.

"மகாராணிக்கு டீ வாங்கப் போனேன்யா."

அவள் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உக்காராத, எந்திரி. நடந்துகிட்டே குடிக்கலாம். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

ஆளுக்கொரு கிளாஸோடு வண்டியைச் சுற்றி நடந்தார்கள். நேரமாகிவிட்டது என்று டைம் கீப்பர் இரண்டு விசில் கொடுத்தார். பேச்சு முடியவில்லை. இன்னொரு சுற்று நடந்துவிட்டுத்தான் ஏறினார்கள்.